புழுக் குடம்பியின் நரம்புகளை ஒளிரவைத்துப் பார்ப்பது எப்படி

பிளாட்டினெரிஸ் டுமெரிலி என்ற கடல் வளைதசைப் புழுவின் குடம்பியில் நரம்புகள் எப்படி முளைக்கின்றன என்று பார்க்க ஆசைப்படுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "கருவுற்ற நேரத்தைக் குறித்தீர்களா?" என்பதுதான். ஆணும் பெண்ணும் ஒரே கிண்ணத்தில் வட்டமிட்டு நீந்தி விந்தையும் முட்டையையும் வெளியிட்டதும், மணியையும் நிமிடத்தையும் கிண்ணத்தின் மீதே எழுதிவிடுங்கள். பிறகு அதை 18 டிகிரி செல்சியஸில் வையுங்கள். அந்த வெப்பநிலையில் ஒரு தொகுதி முட்டைகள் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளரும். 24 மணி நேரத்தில் சுழன்று நீந்தும் டிரோகோஃபோர் என்ற இளம் குடம்பி கிடைக்கும். 72 மணி நேரத்தில் மூன்று உடற்கண்டங்களும் சுணைகளும் கொண்ட குட்டிப் புழுவே கிடைத்துவிடும். ஒருமுறை வளர்ப்புப் பெட்டியின் கதவு சரியாக மூடவில்லை. 24 மணி என்று நான் எழுதியிருந்த குடம்பிகள் அதைவிட முதிர்ந்திருந்தன. அந்தத் தொகுதி முழுவதையும் கழித்துவிட்டேன். வயது தெரியாத குடம்பியின் படத்தை எதனுடன் ஒப்பிடுவது?

கருவுற்ற முட்டையைச் சுற்றிக் கூழ் போன்ற உறை உருவாகும். முட்டையின் விட்டம் சுமார் 160 மைக்ரோமீட்டர் என்பதால், 100 மைக்ரோமீட்டர் வலையில் வடிகட்டிய கடல்நீர் விட்டு அலசினால் கூழ் போய்விடும், முட்டை தங்கும். ஒரு நாள் தாண்டிய குடம்பிகளைப் பொறுக்க விளக்கே போதும். கிண்ணத்தின் ஒரு பக்கம் வெளிச்சம் காட்டினால் நலமானவை அங்கே திரளும், பிப்பெட்டால் எடுத்துக்கொள்ளலாம். இந்தத் திரட்சியே நரம்பின் வேலைதான். குடம்பியின் கண்புள்ளியில் ஓர் ஒளியுணர் செல்லும் ஒரு நிறமிச் செல்லும் மட்டுமே உண்டு. அந்த ஒளியுணர் செல் இடையில் வேறு நரம்பணு இல்லாமல் நீந்த உதவும் குற்றிழைகளை (நுண்மயிர்களை) அசைக்கும் செல்களை நேரடியாகத் தொடுகிறது என்பது 2008இல் தெரியவந்தது.

48 மணிக்கு மேற்பட்டவற்றுக்குத் தசை வந்துவிடும். அப்படியே ஃபார்மால்டிஹைடில் போட்டால் சுருண்டுகொள்ளும், நரம்பு வடமும் மடங்கிவிடும். ஆகவே முதலில் 7.5 சதவீத மக்னீசியம் குளோரைடு கரைசலையும் கடல்நீரையும் சம அளவு கலந்து, அவை தளரும்வரை விடுங்கள். பிறகு 4 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடில் அறை வெப்பநிலையில் ஒரு மணி நேரம். கையுறையுடன், புகைபோக்கிப் பெட்டிக்குள் மட்டுமே இதைச் செய்யுங்கள்.

குறிப்பிட்ட ஒரு பொருளை மட்டும் தேடி ஒட்டும் புரதமான ஆன்டிபாடி உள்ளே நுழைய, குடம்பியின் மேற்பரப்பைச் சற்று இளக்க வேண்டும். புரதத்தைச் சிதைக்கும் நொதியான புரோட்டினேஸ் கே, மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம், 24 மணிக் குடம்பிக்கு ஒரு நிமிடம் போதும்; மூத்தவற்றுக்கு மூன்று நிமிடம் வரை போகலாம். உடனே கிளைசின் கரைசலால் நிறுத்தி, மறுபடியும் 20 நிமிடம் பாராஃபார்மால்டிஹைடில் இருத்துங்கள். அடுத்து, ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாதிருக்கச் சீரத்தில் ஊறவைத்து, இரண்டு ஆன்டிபாடிகளை ஒன்றாக இட்டு, 4 டிகிரியில் இரவு முழுவதும் விடுங்கள்: நரம்பிழைகளுக்குள் இருக்கும் புரதமான அசிட்டைல் ஏற்ற டியூபுலினுக்கு எலியில் உருவானது, சில நரம்பணுக்கள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் செராட்டோனினுக்கு முயலில் உருவானது. மறுநாள் நன்றாகக் கழுவி, முதல் ஆன்டிபாடிகள்மீது ஒட்டி இரண்டு நிறங்களில் ஒளிரும் இரண்டாம் ஆன்டிபாடிகளை இடுங்கள். முதல் ஆன்டிபாடி இடாத ஒரு குழாயையும் கூடவே நடத்துங்கள். மஞ்சள்கரு தானாகவே மங்கலாக ஒளிரும். அதை நரம்பு என்று எண்ணி ஏமாறாமல் இருக்க அந்தக் குழாய் வேண்டும்.

கண்ணாடித் தகட்டில் கிளிசராலில் ஏற்றும்போது மேல் தகட்டின் கீழ் இரண்டு மூன்று அடுக்கு ஒட்டுநாடா வைத்து இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் குடம்பி நசுங்கிவிடும். தகட்டை மெல்ல நகர்த்தினால் குடம்பி உருளும். வயிற்றுப்புறம் மேலே வரும்வரை உருட்டுங்கள். நான் அதிக நேரம் செலவழிப்பது இதில்தான்.

அடுக்கடுக்காகப் படமெடுக்கும் கன்ஃபோகல் நுண்ணோக்கியில் முதலில் கண்ணைப் பறிப்பது குடம்பியின் நடுவில் ஓடும் குற்றிழை வளையம். அது நரம்பு அன்று. குற்றிழையிலும் அதே டியூபுலின் இருப்பதால் அதுவும் சாயம் ஏற்கிறது. அதன் பளபளப்புக்கு ஏற்ப ஒளியைக் குறைத்தால் மெல்லிய நரம்பிழைகள் மறைந்துவிடும். வளையம் எரிந்து வெளுத்தாலும் பரவாயில்லை, இழைகளுக்காகவே ஒளியை அமையுங்கள்.

பிறகு செராட்டோனின் நிறத்துக்கு மாறி, உடலின் பின்முனைக்குப் போங்கள். இளம் டிரோகோஃபோரில் அங்கே ஓர் ஒற்றைப் புள்ளியைக் கண்டபோது சாயக் கசடு என்று நினைத்துக் கடந்துவிட்டேன். அடுத்த குடம்பியிலும் அதே இடத்தில் அதே புள்ளி. மூன்றாவதில் உற்றுப் பார்த்தேன். அதிலிருந்து இரண்டு இழைகள் பிரிந்து, வயிற்றுப்புறத்தில் பக்கத்துக்கு ஒன்றாக முன்னோக்கிப் போயின. முன்னோடி நரம்பணு அது. மூளை தோன்றப்போகும் தலைமுனையில் மட்டும் நரம்பு தொடங்குவதில்லை. வாலிலிருந்தும் ஒன்று புறப்படுகிறது, பின்னால் வரும் இழைகள் அது போட்ட தடத்தைப் பற்றிக்கொண்டு வளர்கின்றன. 48 மணிக் குடம்பியில் அதே தடங்களின் மேல் வடங்கள் தடித்து, குறுக்கிழைகள் இணைந்து, ஏணி உருவெடுப்பதைக் காண்பீர்கள். ஆகவே 24, 48, 72 மணித் தகடுகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் பின்முனையிலிருந்து முன்னோக்கி இழையைத் தொடர்ந்து போங்கள்.