பின் காலிபரைப் பிரிக்கும்போது நடக்கும் சொதப்பல்கள்

காரின் டிஸ்க் பிரேக்கில், பிஸ்டனால் பேட்களைத் தள்ளி டிஸ்க்கைப் பிடிக்க வைக்கிற பாகம்தான் காலிபர். முன் சக்கரக் காலிபரில் சி-கிளாம்ப் (திருகி இறுக்கும் பிடிப்பான்) வைத்து அழுத்தினால் பிஸ்டன் சமர்த்தாக உள்ளே போய்விடும். அதே கையோடு பின்பக்கம் வருகிறவர்கள்தான் அதிகம் சொதப்புகிறார்கள். ஸ்கோடா லாரா மாதிரி பின்னாலும் டிஸ்க் உள்ள பழைய கார்களில் ஹேண்ட்பிரேக்கும் அதே காலிபருக்குள்தான் வேலை செய்கிறது. பேட் தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்யும் மரையும் உள்ளேயே இருப்பதால், பிஸ்டனை அழுத்தியபடி திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். பலம் காட்டினால் மரை போய்விடும், அப்புறம் எந்த சீல் கிட் (பிஸ்டனைச் சுற்றி ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) வாங்கியும் பயனில்லை. சில கார்களில் ஒரு பக்கம் எதிர்ச்சுற்று, மேனுவலைப் பார்த்துவிடுங்கள்.

பிரிக்கும் முன் நோயைக் கண்டுபிடியுங்கள். உள் பேட் மட்டும் தேய்ந்திருந்தால் உடனே பிஸ்டனைக் குறை சொல்லாமல், காலிபர் முன்னும் பின்னும் நகர உதவும் கம்பிகள் (ஸ்லைடு பின்கள்) இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். ஹேண்ட்பிரேக் விடவில்லை என்றால் கேபிளைக் கழற்றிவிட்டு காலிபரில் உள்ள லீவரைக் கையால் இழுத்து விடுங்கள். பட்டென்று திரும்பினால் குற்றவாளி கேபிள்தான்.

ஒர்க்‌ஷாப்களில் பாகங்களை டீசலிலோ மண்ணெண்ணெயிலோ முக்குவது பழக்கம். இரும்புக்குச் சரி, சீலுக்கு எமன். பிரேக் ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பிவிடும், சாதாரண கிரீஸும் அப்படித்தான். பிரேக் கிளீனரில் கழுவி, புது பிரேக் ஆயிலைத் தடவிப் பூட்டுங்கள்.

எல்லோரும் அவசரப்படுகிற இடம் சீல் உட்காரும் காடி, அதாவது பள்ளம். பழைய சீலை எடுத்ததும் அடியில் துரு பொருக்காகப் படிந்திருக்கும், அதை விட்டுவிட்டுப் புது சீலைப் போட்டால் துரு அதை வெளியே தள்ளி பிஸ்டனை இறுக்கிப் பிடிக்கும், புதுசு போட்டும் ஏன் பிடிக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்வீர்கள். அதற்காக ஸ்க்ரூடிரைவரால் கிளறாதீர்கள், கீறல் விழுந்தால் கசியும். மரக்குச்சி போதும். பிஸ்டனில் சீல் உரசும் இடத்தில் துருக்குழி இருந்தால் எமரி தாளால் தேய்த்து ஏமாறாமல் புதுசு போடுங்கள்.

இரண்டு காலிபரையும் ஒன்றாகக் கழற்றினால் இடது வலது மாறிவிடும். பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை எடுக்கும் நிப்பிள் மேலே இருக்க வேண்டும். கீழே வந்துவிட்டால் எத்தனை பாட்டில் ஆயில் ஊற்றினாலும் பெடல் பஞ்சு மாதிரிதான்.

கடைசியில் பெடலை மிதித்து பேட்களை டிஸ்க்கோடு சேர்த்த பிறகே கேபிளை அட்ஜஸ்ட் செய்யுங்கள். முதலிலேயே இறுக்கினால் லீவர் அதன் ஸ்டாப்புக்குத் திரும்பாது, பேட் உரசியபடியே ஓடிச் சக்கரம் சூடாகும்.