வெற்றிலை போடும் பெரியவர்களின் வாயை வீட்டிலேயே பார்ப்பது எப்படி

பெரியம்மாவுக்கு இடது கன்னம்தான். வெற்றிலை மென்று சாறு இறங்கியதும் சக்கையை அங்கே அடக்கிக்கொண்டு வேலையைப் பார்ப்பார். பட்டர்வொர்த் வீட்டில் என் சின்ன வயதிலிருந்து பார்த்த காட்சி அது. நான் பல் தாதியாக முப்பது வருடம் பினாங்குப் பள்ளிக்கூடங்களில் வேலை செய்தவள். ஊர்ப் பிள்ளைகள் வாயையெல்லாம் பார்த்தேன். பெரியம்மாவை ஒருநாள்கூட வாயைத் திறக்கச் சொன்னதில்லை. புண் வந்தபோது பல் செட் உரசியிருக்கும் என்று ஒரு கிளினிக்கில் இரண்டு முறை ஜெல் கொடுத்து அனுப்பினார்கள். ஏழு மாதம் ஓடிவிட்டது. தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் கட்டி தெரிந்த பிறகுதான் சதையை எடுத்துச் சோதித்தார்கள்.

மலேசியாவில் வாய்ப்புற்று விகிதம் அதிகமாக இருப்பது நம் இந்தியர்களிடம்தான். அதனால் வீட்டில் வெற்றிலை, புகையிலை, சுருட்டு, தண்ணி என்று எந்தப் பழக்கம் உள்ளவர் இருந்தாலும் மாதம் ஒருமுறை இதைச் செய்யுங்கள். பத்து நிமிடம் போதும்.

முதலில் ஆளைச் சம்மதிக்க வைக்க வேண்டும். "வெத்தலைய விடுங்க" என்று ஆரம்பித்தால் அன்றைக்கு வாய் திறக்காது. "எந்தப் பக்கம் அடக்குவீங்க?" என்று கேளுங்கள். களிப்பாக்கா, சீவலா, சுண்ணாம்பு எவ்வளவு என்று அவர்களே பேச ஆரம்பிப்பார்கள், பேசிக்கொண்டே காட்டுவார்கள். அந்தப் பதில் உங்களுக்கும் தேவை. பாக்கும் சுண்ணாம்பும் மணிக்கணக்கில் ஊறும் இடத்தில்தான் பெரும்பாலும் கோளாறு தொடங்கும். புகையிலை சேர்க்காவிட்டால் பயமில்லை என்று நிறைய பேர் நம்புகிறார்கள். அப்படியில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பாக்கு மட்டுமே புற்றுநோயை உண்டாக்கும் என்று 2004-இல் வெளியிட்ட அறிக்கையிலேயே சொல்லிவிட்டது.

ஜன்னல் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். பல் செட் இருந்தால் கட்டாயம் கழற்ற வேண்டும், அதன் அடியில்தான் பல விஷயம் மறைந்திருக்கும். பல் துலக்கி, வாய் கொப்பளித்துக் கறை கொஞ்சம் போகட்டும். கைப்பேசி டார்ச், ஒரு கரண்டிக் காம்பு, சுத்தமான மல்துணி, இவ்வளவுதான் வேண்டும். கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

உதட்டைப் புரட்டிப் பாருங்கள். அப்புறம் கரண்டிக் காம்பால் கன்னத்தை விலக்கி உள்ளே டார்ச் அடியுங்கள். நல்ல கன்னம் இளஞ்சிவப்பாக, ஈரமாக, மெத்தென்று இருக்கும். வெற்றிலைக் கறை பழுப்பாக, தோல் உரிந்தது போல இருக்கும். மல்துணியால் மெதுவாக ஒற்றினால் கொஞ்சம் வந்துவிடும். துடைத்தும் போகாத வெள்ளைத் திட்டு வேறு. அது கவனிக்க வேண்டியது. வெல்வெட் துணி போலச் சிவந்த திட்டு அதைவிட மோசம். அது அளவில் சின்னதாக இருக்கும், வலிக்கவும் வலிக்காது, அதனாலேயே விட்டுவிடுவார்கள்.

நாக்கை நீட்டச் சொல்லி, நுனியை மல்துணியால் பிடித்து ஒருமுறை வலது, ஒருமுறை இடது பக்கம் இழுத்து ஓரங்களைப் பாருங்கள். நாக்கை மேலே தூக்கச் சொல்லி அடியையும் பாருங்கள். அண்ணம், ஈறு, கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் உள்ள மூலை எதையும் விடாதீர்கள். ஒரு பக்கம்தான் அடக்குகிறார், அந்தப் பக்கம் மட்டும் போதும் என்று நினைக்க வேண்டாம். ஸ்லாட்டர் என்ற அமெரிக்க மருத்துவர் 1953-லேயே தன் சகாக்களோடு இதை எழுதினார்: புற்று வந்த இடத்தைச் சுற்றி, கண்ணுக்கு நல்லதாகத் தெரியும் தோலும் மாறியிருக்கும். ஒரே வயல் என்பதுபோல் வைத்துக்கொள்ளுங்கள், களை எந்த மூலையிலும் முளைக்கலாம்.

இன்னொரு சோதனை. அவருடைய ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே நுழைக்கச் சொல்லுங்கள். மூன்றும் போக வேண்டும். போகவில்லை, கன்னம் சலவைக்கல் போல வெளுத்திருக்கிறது, ரசம் பட்டால்கூட எரிகிறது என்றால் பாக்கு சதையை இறுக்க ஆரம்பித்துவிட்டது. பாக்கில் உள்ள அரிகோலின் என்ற வேதிப்பொருள் அடித்தோலில் நார் அதிகம் உண்டாகும்படி செய்கிறது, பாக்கிலுள்ள செம்பு அந்த நாரை முறுக்கிக் கெட்டிப்படுத்துகிறது. இந்த இறுக்கம் பெரும்பாலும் பழையபடி இளகாது. இது புற்று இல்லை, ஆனால் புற்றாக மாறக்கூடியது. பாக்கை அன்றே நிறுத்த வேண்டும்.

கடைசியாகக் கழுத்து. தாடை எலும்புக்குக் கீழும் காதுக்குக் கீழிருந்து தோள்வரையும் விரல் நுனியால் தடவுங்கள். வலிக்காத, கெட்டியான கட்டி இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

மற்றதுக்கு இரண்டு வாரக் கணக்கு. புண்ணைப் படம் எடுங்கள், தேதி தானாகப் பதிவாகும். கூரான பல்லோ பல் செட்டோ குத்தினால் அதைச் சரிசெய்த நாளிலிருந்து எண்ணுங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணுக்கு ஜெல் பதில் இல்லை. அரசாங்கப் பல் கிளினிக்குக்குப் போய், படத்தைக் காட்டி, "வாய் அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு சூராட் ருஜுக்கான் வேண்டும்" என்று (மேல் சிகிச்சைக்கு அனுப்பும் பரிந்துரைக் கடிதம் அது) தெளிவாகக் கேளுங்கள். பெரியம்மாவுக்கு நான் கேட்காமல் விட்டது இந்த ஒரு வரிதான்.

டார்ச் அடித்துப் பார்ப்பதால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வெளிச்சத்தில் வாயைப் பார்த்தார்கள். 2005-இல் முடிவு வந்தது: புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப்புற்றால் இறப்பது 34 சதவீதம் குறைந்தது. உங்கள் கண் அவர்கள் கண் ஆகாது. சந்தேகப்பட்டுக் கூட்டிப்போவதுதான் நம் வேலை.

சதை எடுத்தால் புற்று பரவும் என்று பயமுறுத்துவார்கள், நம்பாதீர்கள். மரத்துப்போக ஊசி போட்டு, பருப்பளவு எடுப்பார்கள். புற்று என்று வந்தால் வாய்க்குப் பெரும்பாலும் முதலில் அறுவை சிகிச்சைதான். கழுத்தையும் சேர்த்து அறுக்கச் சொன்னால், அங்கே கட்டியே தெரியவில்லை, ஏன் அறுக்கணும் என்று கேட்பீர்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனை இதையே சோதித்து 2015-இல் வெளியிட்டது. ஆரம்ப நிலையிலேயே கழுத்தில் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் (நெறி கட்டும் இடங்கள்) சேர்த்து எடுத்தவர்களில் 80 சதவீதம் பேர் மூன்று வருடம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். கட்டி தெரிந்த பிறகு எடுக்கலாம் என்று காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம்.

கதிர்வீச்சு தேவைப்பட்டால், தொடங்கும் முன்பே பல்லைக் காட்டி, பிடுங்க வேண்டியதைப் பிடுங்கி ஆறவிடுங்கள். கதிர்வீச்சு பட்ட தாடை எலும்பில் பின்னால் பல் பிடுங்கினால் அந்தக் காயம் ஆறாமலே போகலாம். இதை யாரும் சொல்லாவிட்டாலும் நீங்கள் கேளுங்கள்.

இப்போது எங்கள் வீட்டு நாள்காட்டியில் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமையில் "வாய்" என்று எழுதியிருக்கும். அத்தை காலையிலேயே பல் செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிட்டு ஜன்னல் ஓரம் வந்து உட்கார்ந்துவிடுவார்.