பழைய லயனல் பொம்மை ரயிலின் டீசல் எஞ்சினில் ஹாரன் ஊதவில்லையா?

1948-ல் வந்த லயனல் எஃப்3 மாதிரியான மாடல் எஞ்சின்களில் ஹாரனை ஊதவைப்பது தண்டவாள மின்சாரம் அல்ல, உள்ளே இருக்கும் 1.5 வோல்ட் பெரிய டார்ச் செல். தண்டவாளத்தில் ஓடும் ஏசியோடு டிரான்ஸ்ஃபார்மர் கொஞ்சம் டிசியைக் கலக்கும்போது, ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சின்ன சுவிட்ச்) இழுத்துக்கொண்டு செல்லையும் ஹாரனையும் இணைக்கும்.

அதனால் ஒயரில் கை வைக்கும் முன், புது செல் ஒன்றை இரண்டு துண்டு ஒயரால் நேராக ஹாரனுக்குக் கொடுத்துப் பாருங்கள். ஊதினால் கோளாறு ரிலேயிலோ ஒயரிலோ, செல் உட்காரும் தகட்டிலோதான். ஊதாவிட்டால் ஹாரனின் அட்ஜஸ்ட் ஸ்க்ரூவை மெல்ல மெல்லத் திருப்புங்கள். எனக்குப் பலமுறை அதிலேயே சத்தம் திரும்பியிருக்கிறது.

ரிலே முனைகளுக்கு உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த தடித்த வெள்ளைத்தாளை இடையில் வைத்து இழுங்கள்; கறுப்புக் கோடு தாளில் வரும். கோடு விழுவது நிற்கும்வரை இழுங்கள்.

ஒயரை லேசாக வளைத்துப் பாருங்கள். உறை பிஸ்கட் போல உதிர்ந்தால், மெல்லிய பல இழை ஒயராக மாற்றிவிடுங்கள். அல்கலைன் செல் கசிந்த தகட்டை வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, ஈரமில்லாமல் காயவிடுங்கள். ஓட்டி முடித்ததும் செல்லைக் கழற்றி வைக்க மறக்காதீர்கள்.