ஃபெஸ் நகரில் ரியாதில் தங்குவது எப்படி?

மொராக்கோவின் ஃபெஸ் நகருக்குப் போகிறவர்கள் பலர் புது ஊரில் ஓட்டல் எடுத்துவிட்டு, பகலில் மட்டும் பழைய ஊரைப் பார்த்துத் திரும்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மதில் சூழ்ந்த பழைய ஊரான ஃபெஸ் எல் பாலிக்குள், ரியாத் எனப்படும் ஒரு பழைய முற்ற வீட்டில் இரண்டு மூன்று இரவாவது தங்குங்கள்.

படி 1: வீடு பார்ப்பது

நடு முற்றத்தில் தோட்டம் இருந்தால் அது ரியாத். தளம் போட்ட முற்றம் மட்டும் என்றால் தார். விளம்பரத்தில் இரண்டையும் ரியாத் என்றே போடுவார்கள் என்பதால் பெயரை விட்டுவிட்டு முற்றத்தின் படத்தைப் பாருங்கள். தெருப்பக்கம் வெறும் சுவர்தான். ஜன்னல்கள் முற்றத்தை நோக்கித் திறக்கும். அதனால் அறையில் வெளிச்சம் குறைவு, கீழே பேசுவது மேலே கேட்கும். ஆனால் ஸெல்லீஜ் என்னும் வண்ண ஓட்டுத் துண்டுகள் பதித்த சுவரும் செதுக்கிய தேவதாரு மரமும் கண்ணெதிரே இருக்கும்போது அது பெரிதாகத் தெரியாது. படிகள் உயரமானவை, முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்த்தள அறை கேளுங்கள். குளிர்காலம் என்றால் ஹீட்டர் உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

படி 2: போய்ச் சேர்வது

இதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். பழைய ஊருக்குள் கார் போகாது. சரக்கெல்லாம் கழுதையிலும் தள்ளுவண்டியிலும்தான். சந்துகளில் போன் வரைபடமும் குழம்பும். மதிலின் எந்த வாசலில் இறங்க வேண்டும் என்று வீட்டாரிடம் முன்பே கேட்டு, நேரத்தைச் சொல்லி, ஒருவரை அங்கே வரச் சொல்லுங்கள். பகல் வெளிச்சத்திலேயே போய்விடுங்கள். தள்ளுவண்டிக்காரரிடம் கூலியை முதலில் பேசிக்கொள்ளுங்கள்.

படி 3: நடப்பது

பாப் பூ ஜெலூத் வாசலில் தொடங்குங்கள். 1913-இல் கட்டியது. வெளிப்பக்கம் நீலம், உள்பக்கம் பச்சை. அங்கிருந்து தலா கெபீரா தெரு சரிவாக இறங்கும். வழி தவறினால் பதற வேண்டாம்: இறக்கம் ஊரின் நடுவுக்கு, ஏற்றம் இந்த வாசல் பக்கம். "பாலக்!" என்று குரல் கேட்டால் உடனே சுவரோரம் ஒதுங்குங்கள், பின்னால் சுமையோடு கோவேறு கழுதை வரும்.

போகும் வழியில் பூ இனானியா மதரசாவுக்குள் எல்லோரும் போகலாம். 859-இல் ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி நிறுவியதாகச் சொல்லப்படும் கராவிய்யீன் பள்ளிவாசலை மட்டும் முஸ்லிம் அல்லாதவர்கள் வாசலில் நின்றுதான் பார்க்க முடியும். அப்புறம் ஷுவாரா தோல் பதனிடும் தொட்டிகள். சுற்றியுள்ள தோல் கடைகளின் மாடியிலிருந்து பார்க்கலாம். தோலை மென்மையாக்கப் புறா எச்சம் சேர்ப்பதால் நாற்றம் கடுமை; கையில் புதினா தருவார்கள், மூக்கருகே பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 4: பணமும் சாப்பாடும்

ரொக்கமாக மொராக்கோ நாணயமான திர்ஹம் வைத்திருங்கள். அறை வாடகையோடு தலைக்கு, இரவுக்கு என்று ஒரு சிறு சுற்றுலா வரியும் வரும். வெள்ளிக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். அன்று தங்கும் வீட்டிலேயே கூஸ்கூஸ் (ரவை போன்ற கோதுமைக் குருணை உணவு) கேளுங்கள். இரண்டு மூன்று முறை ஆவியில் வேகவைக்க வேண்டும் என்பதால் காலையிலேயே சொல்லிவிடுங்கள்.