முதல் டிராக் ரேஸுக்கு டர்போ எஸ்யூவி: பச்சை விளக்குக்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

600 குதிரைத்திறன் எஸ்யூவி வைத்திருப்பவர், கால் மைல் தூரத்தை நேர்கோட்டில் ஓடி நேரம் பார்க்கும் டிராக் (drag) ரேஸ் ஓடுபாதைக்கு முதல்முறை போக முடிவெடுத்ததும், இன்னும் ஒரு 50 குதிரைத்திறன் எங்கே கிடைக்கும் என்றுதான் தேடத் தொடங்குகிறார். கோளாறுகளில் பாதி அந்தத் தேடலில்தான் பிறக்கின்றன.

பி.எம்.டபிள்யூ எக்ஸ்5 எம் காம்பெடிஷனை எடுத்துக்கொள்வோம். 4.4 லிட்டர் வி8 என்ஜின், இரண்டு டர்போ, அமெரிக்கக் கணக்கில் 617 குதிரைத்திறன், எட்டு கியர் ஆட்டோமேட்டிக், நான்கு சக்கரங்களுக்கும் விசை. ஓட்டுநரையும் சேர்த்தால் எடை ஏறக்குறைய 2,500 கிலோ. ஷோரூமிலிருந்து வந்தபடியே கால் மைலை, அதாவது 402 மீட்டரை, 12 விநாடிக்குள் முடித்துவிடும். கோட்டைத் தாண்டும்போது வேகம் மணிக்கு 190 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். முதல் நாளில் இந்த வண்டிக்குக் கூடுதல் சக்தி தேவையே இல்லை. இருக்கிற சக்தியை டயரும் கியர்பாக்ஸும் பிரேக்கும் நீங்களும் தாங்குகிறீர்களா என்று பார்ப்பதற்குத்தான் அந்த நாள். அமெரிக்காவில் பல ஓடுபாதைகள் 'டெஸ்ட் அண்ட் டியூன்' என்ற பெயரில் மாலை நேரங்களில் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகின்றன. கட்டணம் கட்டினால் சொந்த வண்டியை ஓட்டலாம். இங்கே சொல்வதெல்லாம் அப்படி ஒரு மாலைக்காக.

கடைசி வாரத்து டியூனிங்

சனிக்கிழமை ரேஸ், புதன்கிழமை டியூனிங் பெட்டி வந்து சேர்கிறது, வெள்ளி இரவு மாட்டுகிறார்கள். இதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். இந்த வகைப் பெட்டிகள் பெரும்பாலும் டர்போ தரும் காற்றழுத்தத்தை, அதாவது பூஸ்ட்டை, குறைத்துக் காட்டி என்ஜின் கணினியை நம்பவைக்கின்றன. கணினி அழுத்தத்தைக் கூட்டுகிறது. குளிர்ந்த காற்றில், நல்ல பெட்ரோலில் எல்லாம் சரியாக இருக்கும். சூடேறிய என்ஜினில் மூன்றாவது ஓட்டத்தில்தான் நாக்கிங், அதாவது எரிபொருள் கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது, தலைகாட்டும். அழுத்தம் கூடினால் ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியையும் குறைக்க வேண்டியிருக்கலாம். இல்லாவிட்டால் பொறி அணைந்து, மேல் ஆர்.பி.எம்மில் வண்டி திக்கும். எத்தனால் மிகுந்த ஈ85 எரிபொருளைக் கலந்து ஊற்றுகிறவர்களும் உண்டு. அதே சக்திக்குச் சுமார் 30 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். அதை அனுப்பும் திறன் உயர் அழுத்தப் பம்புக்கு இருக்கிறதா என்று தெரியாமல் கலப்பது சூதாட்டம்.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. ஷோரூம் நிலையில் ஓடியதற்கு ஓடுபாதையில் தரும் நேரச்சீட்டு கையில் இல்லாவிட்டால், டியூனிங் பலன் தந்ததா என்பதை எதை வைத்துச் சொல்வீர்கள்? முதல் மாலையில் வண்டியை இருந்தபடியே ஓட்டி, அந்தச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

வண்டி புதிது என்றால் காத்திருக்க வேண்டும். எம் வகை வண்டிகளுக்கு 2,000 கிலோமீட்டரில், என்ஜின் ஓடிப் பழகியபின் செய்யும் முதல் சர்வீஸ் இருக்கிறது. அது முடியும் முன், நின்ற இடத்திலிருந்து வண்டியை முழு விசையோடு கிளப்பிவிடும் லாஞ்ச் கன்ட்ரோலைத் தொடவே கூடாது.

டயரில் செய்யும் மிச்சமும் சேதமும்

டிராக் ரேஸ் என்றதும் பின்சக்கர இயக்கக் கார்களின் வழக்கம் நினைவுக்கு வருகிறது: பின்னால் மட்டும் ஒட்டும் தன்மை மிகுந்த டிராக் ரேடியல் டயர், காற்று 15–20 பி.எஸ்.ஐ., தண்ணீரில் சக்கரத்தைச் சுழற்றிப் புகை கிளப்பும் பர்ன்அவுட். நான்கு சக்கர இயக்க எஸ்யூவியில் இவை மூன்றுமே தவறு.

எக்ஸ்5 எம் காம்பெடிஷனில் முன்னால் 295/35 அளவில் 21 அங்குலச் சக்கரம், பின்னால் 315/30 அளவில் 22 அங்குலச் சக்கரம். ரிம் அளவு வேறுபட்டாலும் டயரின் வெளிச்சுற்றளவு முன்னும் பின்னும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்படி அமையும்படி பார்த்துத்தான் தேர்ந்திருக்கிறார்கள். முன்–பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் கிளட்ச் தட்டுகள் இருக்கின்றன. பின்னால் மட்டும் வேறு உயரமுள்ள டயரை மாட்டினால் இரண்டு அச்சுகளும் வெவ்வேறு வேகத்தில் சுற்றும்; நேர் சாலையில் போகும்போதுகூட அந்தத் தட்டுகள் உரசிக்கொண்டே இருக்கும், சூடாகும், தேயும். முன்டயர் புதிது, பின்டயர் பாதி தேய்ந்தது என்றாலும் இதே கதைதான். அதனால் மாற்றினால் நான்கையும் மாற்றுங்கள், சுற்றளவைக் கணக்குப் பார்த்து மாற்றுங்கள். முதல் மாலைக்கு இப்போதிருக்கும் டயர்களே போதும்.

காற்றழுத்தத்தில் அவசரம் வேண்டாம். அந்தப் பின்டயரின் பக்கச்சுவர் உயரம் ஒன்பதரை சென்டிமீட்டர்தான். உயரமான பக்கச்சுவர் கொண்ட டிராக் டயர் மடங்கி நிலத்தைப் பற்றுவதுபோல் இது மடங்காது. கதவோர ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவிலிருந்து இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. இறக்கிப் பாருங்கள், நேரச்சீட்டில் மாற்றம் தெரியாவிட்டால் பழையபடி நிரப்பிவிடுங்கள். டன் கணக்கில் எடையுள்ள வண்டியை 190 வேகத்தில் காற்றிறங்கிய தெரு டயரில் ஓட்டுவது ஆபத்து.

பர்ன்அவுட் வேண்டவே வேண்டாம். இந்த வண்டியில் பின்சக்கரங்கள் மட்டும் சுழலும் முறை கிடையாது. பர்ன்அவுட்டுக்காகத் தண்ணீர் தேக்கியிருக்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு வரிசைக்கு வாருங்கள். ஊழியர்களே கை காட்டி வழிவிடுவார்கள். நேராகத் தண்ணீருக்குள் இறங்கினால், தெரு டயரின் பள்ளங்களும் சக்கர வளைவுகளும் நீரை அள்ளி வந்து தொடக்கக் கோட்டில் சொட்டும். உங்கள் சக்கரம் வழுக்குவதோடு போகாது, அடுத்து வருகிறவருக்கும் ஆபத்து. ஏ.சி.யிலிருந்து வடியும் தண்ணீரும் அப்படித்தான். வரிசையில் நிற்கும்போதே ஏ.சி.யை அணைத்துவிடுங்கள்.

சூடு

டர்போ வண்டியின் உண்மையான எதிரி இதுதான். எக்ஸ்5 எம்மின் என்ஜினில் டர்போக்கள் வி வடிவத்தின் நடுவே, இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு இடையில் உட்கார்ந்திருக்கின்றன. எக்ஸாஸ்டிலிருந்து டர்போவுக்குப் பாதை குறைவதால் பூஸ்ட் சீக்கிரம் ஏறுகிறது. ஆனால் என்ஜினை அணைத்தவுடன் அத்தனை வெப்பமும் பானெட்டுக்கு அடியில் தேங்குகிறது. உள்ளே போகும் காற்றைக் குளிர்விப்பதும் தண்ணீர் வழி இன்டர்கூலர். அந்தத் தண்ணீர் ஒருமுறை சூடாகிவிட்டால் ஆற நேரம் பிடிக்கும். காற்று சூடானால் கணினி பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளி என்ஜினைக் காப்பாற்றும், நீங்கள் நேரத்தை இழப்பீர்கள். முதல் ஓட்டம் நன்றாக அமைந்த உற்சாகத்தில் உடனே திரும்ப வரிசையில் போய் நிற்கிறவர்களுக்கு இரண்டாவது, மூன்றாவது சீட்டுகள் மோசமாவது இதனால்தான். எரிபொருள் சரியில்லை, டியூனிங் வேண்டும் என்று அங்கேயே முடிவுகட்டிவிடுகிறார்கள்.

கோட்டைத் தாண்டியதும் திரும்பும் பாதையில் மெதுவாக ஓட்டி வாருங்கள். அந்த நகர்வில்தான் ரேடியேட்டருக்குக் காற்று கிடைக்கும். நிறுத்தியபின் ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைத்து, பானெட்டைத் திறந்து வையுங்கள். மின்விசிறி இருந்தால் நல்லது. லாஞ்ச் கன்ட்ரோலை ஒருமுறை பயன்படுத்தினால் கியர்பாக்ஸ் ஆற ஐந்து நிமிடமாவது வேண்டும். நான் இருபது நிமிடத்துக்குக் குறையாமல் விடச் சொல்வேன். மாலையில் நிதானமாக எடுத்த நான்கு ஓட்டங்கள், ஒன்றன்பின் ஒன்றாக அடித்த பத்தைவிட அதிகம் கற்றுத்தரும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்து குளிர்ந்த எண்ணெயோடு முதல் லாஞ்ச் செய்வார்கள். 10 கிலோமீட்டராவது தொடர்ந்து ஓடி என்ஜினும் கியர்பாக்ஸும் வேலைச்சூட்டுக்கு வந்த பிறகே லாஞ்ச் கன்ட்ரோலைத் தொட வேண்டும்.

தொடக்கக் கோட்டில்

பசை பூசிய அந்தத் தரை சாலையைப்போல் விட்டுக்கொடுக்காது. காலி ரோட்டில் டயர் கொஞ்சம் வழுக்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். இங்கே அந்த அடி முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் அச்சுகளுக்கும் போகிறது. ஆகவே முதல் ஓட்டம் லாஞ்ச் கன்ட்ரோல் இல்லாமல், சாதாரணமாகப் பிரேக்கை விட்டு ஆக்சிலரேட்டரை மிதித்துத்தான். பிரேக்கை அழுத்தியபடி பூஸ்ட் ஏற்றும்போது என்ஜின் பிரேக்கை மீறி வண்டியைத் தள்ளிவிட்டால், தொடக்கக் கோட்டின் குறுக்கே பாயும் ஒளிக்கற்றையைச் சக்கரம் கடந்து சிவப்பு விளக்கு எரியும்.

அமர்வுகளில் வழக்கமாக மூன்று மஞ்சள் விளக்குகள் அரை விநாடி இடைவெளியில் எரிந்து பச்சை வரும். இரண்டு வண்டிகளும் நிலைக்கு வந்தபின் விளக்கு ஓடத் தொடங்க அதிக நேரம் ஆகாது. அதற்குப் பிறகு மெனுவில் லாஞ்ச் கன்ட்ரோலைத் தேடக்கூடாது. வண்டியின் ஓட்டும் முறைகளை முன்னாடியே போட்டுவையுங்கள். பச்சைக்கு நீங்கள் தாமதமாகக் கிளம்பினாலும் ஓட்ட நேரம் கெடாது, சக்கரம் ஒளிக்கற்றையை விட்டு நகர்ந்த கணத்திலிருந்துதான் அது எண்ணப்படுகிறது. பயப்படாமல் நிதானமாகக் கிளம்புங்கள். நேரச்சீட்டில் முதலில் பார்க்க வேண்டியது முதல் 60 அடியைக் கடந்த நேரம். அங்கே 0.1 விநாடி குறைந்தால் முடிவில் அதைவிட அதிகமாகக் குறையும்.

பாதுகாப்பும் நிறுத்துவதும்

அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்.ஹெச்.ஆர்.ஏ. விதிப்படி கால் மைலை 13.99 விநாடியிலும் அதற்கு வேகமாகவும் ஓடும் வண்டிக்கு, ஸ்னெல் போன்ற பாதுகாப்புத் தர முத்திரையுள்ள ஹெல்மெட் கட்டாயம். முழுக் கால்சட்டை, மூடிய காலணி, சீட்பெல்ட். எடை குறைக்கிறேன் என்று ஏர்பேக் இணைந்த இருக்கைகளைக் கழற்றாதீர்கள்: புதிய வண்டிகள் ரோல் கேஜ் என்ற உள்பாதுகாப்புக் குழாய்க் கூண்டு இல்லாமல் ஓட அனுமதிக்கப்படுவதே தொழிற்சாலைப் பாதுகாப்பு எல்லாம் வேலைசெய்யும் என்ற நிபந்தனையில்தான். கூட ஆள் ஏற்றவும் கூடாது. வண்டிக்குள் கிடக்கும் தண்ணீர் பாட்டில், குழந்தைச் சாமான் எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள், பிரேக் பெடலுக்கு அடியில் உருண்டு போகும் பாட்டில் உயிரை வாங்கும்.

2,500 கிலோ வண்டி 190 வேகத்தில் சுமக்கும் ஆற்றல், 1,250 கிலோ கார் அதே வேகத்தில் சுமப்பதைப் போல இரண்டு மடங்கு. பிரேக் எண்ணெய் பழையதென்றால் ரேஸுக்கு முன் மாற்றுங்கள், பேட் தடிமனைப் பாருங்கள். கோட்டைத் தாண்டியதும் சட்டென்று மிதிக்காமல், காலை எடுத்து, பிறகு ஒரே சீராக அழுத்துங்கள். பக்கத்துப் பாதை வண்டி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வெளிவழிக்குத் திரும்பக்கூடாது. நிறுத்திய இடத்தில் பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, சூடான டிஸ்க்கைப் பேட்டோடு ஒட்டவைக்காதீர்கள்.

காப்பீட்டுப் பத்திரத்தை முந்தைய வாரமே படித்துப் பார்ப்பது நல்லது. பெரும்பாலான பாலிசிகள் ரேஸில் நேரும் சேதத்தை ஏற்பதில்லை, வாரண்டியும் அப்படியே. வீட்டுக்குக் கிளம்பும் முன் டயர்க் காற்றைச் சாலை அளவுக்கு நிரப்புங்கள், டார்க் ரென்ச்சால் சக்கர போல்ட்டுகளைச் சரிபாருங்கள், டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் டிஃபரென்ஷியலுக்கும் கீழே எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.