நாய்க்கு உண்ணி மருந்து: எடை, வயது, வீட்டுப் பூனை எல்லாம் பார்த்து வாங்குங்கள்

கடைக்குக் கிளம்பும் முன் நாயின் எடையைப் பாருங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு எடைக் கருவியில் ஒரு முறை ஏறுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நாயின் எடை. கண்மதிப்பில் சொல்வது பெரும்பாலும் தப்பும். சிப்பிப்பாறை உயரமாக நிற்கும், ஆனால் உடம்பில் சதை கிடையாது. லாப்ரடார் பார்வைக்குத் தெரிவதைவிடக் கனக்கும். நல்ல உண்ணி மருந்துகள் எடை வரம்பு போட்டுத்தான் விற்கப்படுகின்றன. பெரிய நாயின் மருந்தை வாங்கி இரண்டு குட்டிகளுக்குப் பாதிப் பாதியாகக் கொடுப்பது காசு மிச்சப்படுத்தும் வழி போலத் தோன்றும். உண்மையில் ஒரு குட்டிக்கு அளவு கூடும், இன்னொன்றுக்குக் குறையும்.

அடுத்து, எந்தப் பூச்சி என்று உறுதி செய்துகொள்ளுங்கள். உண்ணி காது மடலுக்குள், விரலிடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும்; நகராது. தெள்ளுப்பூச்சி முடிக்குள் ஓடும், குதிக்கும், கண்ணில் சிக்குவதே அரிது. வால் அடியில் சீப்பால் வாரி, விழும் கருப்புத் துகளை ஈரமான வெள்ளைத் துணியில் வைத்துத் தேயுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது செரித்த ரத்தம், அதாவது தெள்ளின் கழிவு. தெள்ளைக் கொல்லும் எல்லா மருந்தும் உண்ணியைக் கொல்லாது. அட்டையில் இரண்டும் எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும்.

பிறகு மூன்று கேள்விகள். நாயின் வயது என்ன, வலிப்பு வந்ததுண்டா, வீட்டில் பூனை இருக்கிறதா?

பூனைக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்துகள் பூனைக்கு விஷம். அதைச் செரித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. மருந்து காயாத நாயோடு ஒட்டிப் படுத்தாலோ அதை நக்கினாலோ கூடப் பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம். பூனையுள்ள வீட்டில் பெர்மெத்ரின் பக்கமே போகாமலிருப்பது நல்லது. முயல் வளர்ப்பவர்கள் ஃபிப்ரோனில் என்ற சொட்டு மருந்தை முயல்மேல் பட விடக் கூடாது.

ஃபிப்ரோனில் சொட்டு மருந்துதான் பலர் முதலில் வாங்குவது. 8 வாரம் தாண்டிய, 2 கிலோவுக்கு மேலுள்ள நாய்களுக்குப் பொதுவாகப் பொருந்தும். 10 கிலோ வரை 0.67 மி.லி., 20 கிலோ வரை 1.34, 40 கிலோ வரை 2.68 மி.லி. என்று குழாய்கள் வரும். மெத்தோபிரீனும் சேர்ந்திருந்தால் தெள்ளின் முட்டை பொரியாது. இரு தோள்பட்டைகளுக்கு நடுவே, நாக்கு எட்டாத இடத்தில் முடியை விலக்கி, தோல்மேலேயே விட வேண்டும். முடிமேல் விட்டால் வீண்தான். இந்த மருந்து தோலின் எண்ணெய்ப் பசையில் கலந்து உடல் முழுக்கப் பரவுவது. ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டிய அன்றைக்கே விட்டால் பரவ எண்ணெய்ப் பசை இருக்காது. முன்னும் பின்னும் 2 நாள் குளியல் வேண்டாம். ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்ற புகாருக்குக் குளியலும் ஒரு காரணமாக இருக்கலாம். சொட்டு மருந்து தாங்காத சின்னக் குட்டிகளுக்கு ஃபிப்ரோனில் ஸ்பிரே உண்டு; அளவை மருத்துவரிடம் கேட்டு அடியுங்கள்.

வாரம் ஒரு முறை குளிப்பாட்டும் வீட்டுக்கு மெல்லும் மாத்திரை வசதி. அஃபாக்சோலானர், சரோலானர் மாதம் ஒரு முறை. ஃப்ளூரலானர் சுமார் 12 வாரம் தாங்கும், சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். இவை ரத்தத்தில் இருக்கும் மருந்துகள், ஆகவே உண்ணி கடித்த பிறகுதான் சாகும். மறுநாள் நாய்மேல் உண்ணியைப் பார்த்துவிட்டு இன்னொரு மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். 2 நாள் பொறுங்கள். இந்த வகை மருந்துகள் சில நாய்களுக்கு நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு உண்டாக்கலாம் என்று அமெரிக்க உணவு, மருந்துத் துறை 2018இல் எச்சரித்தது. பெரும்பாலான நாய்கள் நன்றாகவே தாங்குகின்றன. ஆனால் முன்பு வலிப்பு வந்த நாய்க்கு மருத்துவர் சொல்லாமல் தர வேண்டாம். சினை நாய்க்கும் பால் கொடுக்கும் நாய்க்கும் அப்படியே.

தண்ணீரில் கலந்து உடம்பில் துடைக்கும் அமிட்ராஸ் மருந்து மலிவானது, உண்ணியை நன்றாகக் கொல்லும். தப்பு நடக்கவும் இதில்தான் வாய்ப்பு அதிகம். 12.5 சதவீத மருந்தை உண்ணிக்காக 1 லிட்டர் தண்ணீரில் 2 மி.லி. கலப்பது வழக்கமான அளவு. மூடியால் தோராயமாக ஊற்றாமல் ஊசி இல்லாத சிரிஞ்சால் அளந்து எடுங்கள். அன்று கலந்ததை அன்றே பயன்படுத்துங்கள். கையுறை போட்டு, கண்ணிலும் வாயிலும் படாமல் துடைத்து, அலசாமல் நிழலில் காய விடுங்கள். காயும் வரை நக்க விடக் கூடாது. புண் உள்ள தோல், 4 மாதத்துக்குக் குறைந்த குட்டி, சிவாவா என்ற குட்டை இன நாய், சர்க்கரை நோயுள்ள நாய் ஆகியவற்றுக்கு இது ஆகாது. சர்க்கரை நோய் உள்ள மனிதர்களும் இதைக் கையாளாமல் வேறு ஆளிடம் விடுவது நல்லது. நாய் அளவுக்கு மீறித் தூங்கி விழுந்தால், தள்ளாடினால், உடனே மருத்துவரிடம் கொண்டு போங்கள். மாற்று மருந்து இருக்கிறது.

மாட்டுக்கு அடிக்கும் டெல்டாமெத்ரின் பூச்சிமருந்தைக் கணக்கில்லாமல் நாய்மேல் ஊற்றுவது ஊர்ப்புறங்களில் சகஜம். மாடு தன் உடம்பை நாய் அளவுக்கு நக்காது, அதன் எடையும் வேறு. ‘ஒரு ஊசி போட்டால் போதும்’ என்று போடப்படும் ஐவர்மெக்டினிலும் கவனம் தேவை. கோலி என்ற மேய்ப்பு இன நாய்கள் பலவற்றில் மூளைக்குள் இந்த மருந்தைப் புகவிடாமல் தடுக்கும் மரபணு பழுதாக இருக்கும். அவற்றுக்கு இது உயிராபத்து. மற்ற நாய்களிலும் உண்ணிக்கு இதைவிட நம்பகமான மருந்துகள் வந்துவிட்டன.

மண்ணெண்ணெய் தோலை எரிக்கும். புகையிலைத் தண்ணீரில் நிகோடின் இருக்கிறது, அது நேரடி விஷம். பூண்டு தின்னக் கொடுத்தால் ரத்தச் சிவப்பணு உடையும். வேப்பெண்ணெய் கொஞ்சம் விரட்டும், ஆனால் ஏறிவிட்ட உண்ணியை நம்பி ஒப்படைக்கும் அளவுக்கு அதில் பலம் இல்லை.

இத்தனை பார்த்து வாங்கிய பிறகும் உண்ணி திரும்பத் திரும்ப வந்தால் சுவரைப் பாருங்கள். நம் ஊர் வீட்டு நாய்களில் பெரும்பாலும் காண்பது பழுப்பு நாய் உண்ணி. அது ஒவ்வொரு பருவத்திலும் ரத்தம் குடித்துவிட்டு நாயை விட்டு இறங்கிவிடும். வயிறு புடைத்த பெண் உண்ணி சுவரேறி, விரிசலுக்குள் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வளர்ந்த உண்ணி மாதக்கணக்கில் பட்டினி கிடக்கவும் செய்யும். ஆகவே நாய் படுக்கும் இடத்தைச் சுற்றியுள்ள விரிசல்களைச் சிமெண்டால் அடைத்து, படுக்கைத் துணியை வாரம் ஒரு முறை கொதிநீரில் போட்டுத் துவையுங்கள். மரக் கூண்டின் இடுக்குகளையும் விடாதீர்கள். சுவருக்கு மருந்து அடித்தால் காயும் வரை நாய், பூனை, குழந்தை யாரும் உள்ளே வர வேண்டாம். மீன் தொட்டியை மூடி வையுங்கள். உண்ணி கண்ணில் படாமல் போனாலும் நாய்க்கான மருந்தைக் குறைந்தது 3, 4 மாதம் நிறுத்தாமல் கொடுங்கள். வீட்டில் நாய்கள் பல இருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில்.

ஒட்டிய உண்ணியை எடுக்க, முனை கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, மெதுவாக இழுங்கள். தீக்குச்சியால் சுடுவதும் நகத்தால் நசுக்குவதும் வேண்டாம். எடுத்ததை ஸ்பிரிட்டில் போட்டு மூடுங்கள்.

உண்ணி எல்லாம் உதிர்ந்த பிறகும் சில வாரங்கள் நாயைக் கவனியுங்கள். காய்ச்சல், சோறு வேண்டாமென்று படுத்துக் கிடப்பது, ஈறு வெளுப்பது, மூக்கில் ரத்தம், காபி நிறச் சிறுநீர் இவற்றில் எது தெரிந்தாலும் உண்ணி பரப்பும் எர்லிகியா அல்லது பேபீசியா என்ற ரத்தத் தொற்றாக இருக்கலாம். உண்ணி மருந்து அதைக் குணப்படுத்தாது. ரத்தத் துளியை நுண்ணோக்கியில் பார்க்கும் ரத்தப் பூச்சுப் பரிசோதனையும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கையும் அன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள். போட்ட மருந்தின் அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.