கடவுளோடு பேச இரவல் தமிழ் எதற்கு?

சில கிழமைகளுக்கு முன் எங்கள் சேகரத்தில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம். ஒரு தம்பியை ஜெபிக்கச் சொன்னார்கள். வெளிநாடு போகவென்று கட்டிய காசு முழுவதும் போய், நித்திரையில்லாமல் திரிந்துகொண்டிருந்தவர். எழுந்து நின்று "சர்வ வல்லமையுள்ள பரலோக பிதாவே" என்று தொடங்கினார். மழைக்கு, போதகருக்கு, நோயாளிகளுக்கு என்று ஐந்து நிமிடம் பிசகில்லாமல் ஜெபித்தார். காசைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிறகு படலையடியில் மோட்டார் சைக்கிளில் ஏறி இருந்துகொண்டு என்னிடம், "அக்கா, கடவுள் என்னைக் கைவிட்டிட்டார் போல கிடக்கு" என்றார்.

அன்று அவர் வாயிலிருந்து வந்த உண்மையான ஜெபம் அதுதான். அது எனக்குச் சொல்லப்பட்டது, கடவுளுக்குச் சொல்லப்படவில்லை. கூட்டத்தில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை, சரி. "தனிய இருக்கேக்கையாவது அவரிட்டைச் சொன்னனீரோ?" என்று கேட்டேன். "தனிய இருந்தாலும் உந்த வசனங்கள்தான் அக்கா வருகுது" என்றார்.

கடவுளோடு நெருங்கிப் பழக நினைக்கிறவர்கள் விடும் முதல் தவறு இது: நமக்கென்று ஒரு நாக்கு இருக்க, இரவல் நாக்கால் ஜெபிப்பது. வேதாகமத் தமிழ் நமக்கு அந்நியமானது என்று நான் சொல்ல வரவில்லை. பீற்றர் பெர்சிவல் பாதிரியாரோடு ஆறுமுக நாவலர் இருந்து உழைத்த வேதாகம மொழிபெயர்ப்பு இந்த யாழ்ப்பாண மண்ணில்தான் நடந்தது. அந்தத் தமிழ் நம்முடையது. ஆனால் அதை நாம் கோயிலுக்குப் போடும் சட்டைபோல ஆக்கிவிட்டோம்.

ஒரு சொல்லை மட்டும் கவனியுங்கள். "கர்த்தாவே, நீர் என்னை ஆராய்ந்து, அறிந்திருக்கிறீர்" என்கிறது 139ஆம் சங்கீதம். தமிழ் பேசும் பல இடங்களில் இந்த "நீர்" இன்று ஏட்டில் மட்டும்தான் உண்டு. நம் ஊரிலோ புருசன் பெண்சாதியைப் பார்த்து "நீர் சாப்பிட்டீரோ?" என்கிறார். கூட வேலை செய்கிறவரை "இஞ்சை வாரும்" என்று கூப்பிடுகிறோம். "நீங்கள்" என்றால் கொஞ்சம் தூரம், "நீ" என்றால் உரிமை கூடிப்போகும். இரண்டுக்கும் நடுவில் மதிப்போடு நெருங்கி நிற்கிற சொல் "நீர்". அடுப்படியில் புழங்கும் அந்தச் சொல்லாலேயே கடவுளைக் கூப்பிடும் பாக்கியம் நமக்கு இருக்கிறது. அதை வாயில் வைத்துக்கொண்டே அவரை ஒரு மேலதிகாரியாக நினைத்து விண்ணப்பம் வாசிக்கிறோமே என்பதுதான் என் மனவருத்தம்.

என் அம்மம்மா அப்படி வாசித்ததில்லை. விடியப்புறம் முற்றம் கூட்டும்போது ஈர்க்குமாற்றுச் சத்தத்தோடு அவவின் குரலும் கேட்கும். கிணறு வற்றியது, மருமகனின் குடி, பல்லுக்குத்து எல்லாம் அதில் வரும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, யுத்தத்துக்குப் பயந்து வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, நாவற்குழிப் பாலத்துச் சன நெரிசலில், மழைக்குள், தலையில் ஒரு பையோடு நின்று, "நீர் எங்கை நிக்கிறீர்? இதைப் பாத்துக்கொண்டே நிக்கிறீர்?" என்று கேட்டா. பக்கத்தில் வந்த ஒருவர், "அப்பிடிக் கதைக்கக் கூடாது ஆச்சி, பாவம்" என்றார். அம்மம்மா அவருக்குப் பதில் சொல்லவில்லை. அவ கதைத்தது அவரோடு இல்லையே.

அந்த மனுசர் நல்ல மனதோடு சொன்னதுதான் இரண்டாவது தவறு. கோபத்தையும் அழுகையையும் மறைத்துவிட்டு, ஸ்தோத்திரத்தை மட்டும் கொண்டுபோவது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று 13ஆம் சங்கீதம் நேரே கேட்கிறது. 88ஆம் சங்கீதம் கடைசி வரிவரை இருட்டாகவே இருந்து, ஆறுதல் வசனம் எதுவுமில்லாமல் முடிகிறது. அவற்றை யாரும் வெட்டி எறியவில்லை, வேதத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். காணாமல்போன பிள்ளையின் படத்தை இன்றும் கையில் பிடித்துக்கொண்டு இருக்கும் தாய்மார் உள்ள ஊர் இது. அவர்களிடம் போய் "எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் சொல்லுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். அவர்களோடு இருந்து அந்த 88ஐ வாசியுங்கள். முறைப்பாடு சொல்கிறவர் உறவை முறித்தவர் அல்ல. முகம் திருப்பிக்கொண்டு போனவரோடு யாரும் சண்டை பிடிப்பதில்லை.

நேர்த்தி வைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாஷையூர் அந்தோனியாரிடமோ மடு மாதாவிடமோ நேர்த்தி வைத்து, மனம் உருகி அதைச் செலுத்துகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நன்றி சொல்வது நல்ல பழக்கம். விசா கிடைத்தால் இவ்வளவு, கிடைக்காவிட்டால் இனி இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று கணக்குப் பேசும்போதுதான் உறவு வியாபாரமாகிறது. என் சபைக்காரர் நேர்த்தி வைப்பதில்லை. ஆனால் உபவாசத்தையும் தசமபாகத்தையும் வைத்து இதே பேரத்தைப் பேசுகிறோம்.

கோயில் வேலையில் மூழ்கிப்போவது இன்னொன்று. பாடகர் குழு, ஓய்வுநாட் பாடசாலை, நத்தார் ஒளிவிழா, கட்டட நிதி. வருசம் ஓடிவிடும். அவர் வீட்டில் வேலை செய்துகொண்டே அவரோடு ஒரு வார்த்தை கதைக்காமல் இருக்கலாம் என்பதை நான் அனுபவத்தில் கண்டேன். ஒளிவிழா முடிந்த ஓர் இரவு கதிரைகளை அடுக்கிக்கொண்டு நின்றபோது, அந்த மாதம் முழுக்கத் தனியாக ஒருநாளும் ஜெபிக்கவில்லை என்று நினைவு வந்தது. கதிரையைப் போட்டுவிட்டு அதிலேயே இருந்து அழுதேன்.

காலையில் வட்சப்பில் வசனப் படம் அனுப்பினால் அன்றைய தியானம் முடிந்தது என்று நினைக்கிறோம். கையில் போனை எடுக்கமுதல், கிணற்றடியிலோ விறாந்தையிலோ பத்து நிமிடம் இருந்து பாருங்கள். ஒன்றும் உணராத நாட்களும் வரும். உணர்ச்சி வரவில்லை என்பதற்காக அவர் வரவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். வசாவிளானுக்குப் பக்கத்தில் தோலகட்டியில் 1928இல் தொடங்கிய செபமாலைத் தாசர் சபையின் துறவிகள் மௌனத்தையும் செபத்தையுமே வாழ்க்கையாக எடுத்துக்கொண்டவர்கள். பேச்சு இல்லாத இடத்திலும் உறவு இருக்கும் என்று நம்பியவர்கள் நம் செம்மண்ணிலும் இருக்கிறார்கள்.

கடைசியாக, எங்கள் வீட்டில் நடந்தது. அடுத்த வளவோடு எங்களுக்கு எல்லைத் தகராறு. ஒன்றரை அடி நிலத்துக்காக ஆறு வருசம் பேச்சு வார்த்தை இல்லை. அம்மா காலையும் மாலையும் ஜெபிப்பா, ஆனால் ஜெபம் கூரைக்கு மேலே போவதில்லை என்று சொல்லிக் கவலைப்படுவா. ஒரு ஞாயிறு பிரசங்கத்துக்கு எடுத்த பகுதி மத்தேயு 5: காணிக்கையைப் பீடத்துக்கு முன் வைத்துவிட்டு, முதலில் போய் உன் சகோதரனோடு ஒப்புரவாகு. அம்மா காணிக்கைக் கவரை வேதாகமத்துக்குள் மடித்து வைத்தா. பின்னேரம் ஒரு பெட்டி பனங்காய்ப் பணியாரத்தோடு அந்த வீட்டுப் படலையடிக்குப் போனா. உள்ளேயிருந்து நாய் குரைத்தது. கன நேரம் ஒருவரும் வரவில்லை. பிறகு அந்த அக்கா வந்து, படலையைத் திறக்காமலே, "என்ன?" என்று கேட்டா.

"ஒண்டுமில்லை. பணியாரம் சுட்டனான்" என்றா அம்மா.

காணி அளப்பு இன்னும் முடியவில்லை. அடுத்த ஞாயிறு அந்தக் கவர் காணிக்கைத் தட்டுக்குப் போனது.